தலையால் முட்டிய பந்து

சென்ற மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் ஒரு போத்தலை என் கையில் கொடுத்து, "அப்பா, தம்பிக்கு வாங்கலாமா?" என்றாள். ஒமேகா-3 மீன் எண்ணெய் மாத்திரை; 89 வெள்ளி. என் பேரனுக்கு வயது 10. பள்ளிக் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரன், தலையால் முட்டுவதில் சூரன். இந்த மாத்திரை மூளைக்குக் காவல் என்று கடையில் சொன்னார்களாம்.

நானும் தற்காப்பில் ஆடியவன்தான். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் திடல். மழையில் ஊறிய தோல் பந்து கல்லாய்க் கனக்கும். முட்டினால் கண்ணில் பூச்சி பறக்கும். தலையை உதறிவிட்டு ஓடுவோம். என் அண்ணன் என்னைவிட அதிகம் முட்டியவர். இன்று 81 வயதில் அவருக்கு என் பெயர் மறந்துவிட்டது. பந்துதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். முதுமைக்கும் மறதி உண்டு. ஆனால் போத்தலைப் பார்த்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்தின் ஜெஃப் அஸ்டல் 2002இல் 59 வயதில் இறந்தார். பந்தை ஓயாமல் தலையால் முட்டியதே காரணம், அது தொழில்வழி வந்த நோய் என்று மரண விசாரணையில் முடிவானது. 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் ஆட்டக்காரர்களின் கணக்கைப் பார்த்தார்கள். மூளை நரம்பு சிதையும் நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கே ஆபத்து அதிகம்; கோல் காவலருக்கு அப்படியில்லை. நம் மொக்தார் டஹாரியும் 1991இல் 37 வயதில் நரம்பு நோயால்தான் போனார். அதற்குப் பந்தைக் குற்றம் சொல்ல ஆதாரமில்லை, ஆனாலும் மனம் கேட்கிறதா?

சரி, மாத்திரைக்கு வருவோம். மீன் எண்ணெயிலுள்ள டி.எச்.ஏ. என்ற கொழுப்பு மூளை நரம்புகளின் சவ்வில் நிறைய உண்டு. 2016இல் டெக்சஸில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு அடிபட்டால் இரத்தத்தில் கசியும் ஒரு புரதம், மாத்திரை உண்டவர்களிடம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது இரத்தப் பரிசோதனை. பிற்காலத்தில் நோய் வராது என்று அது காட்டவில்லை. சத்து மாத்திரைகள் மூளை அதிர்ச்சியைக் குணமாக்கும் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013லேயே எச்சரித்துவிட்டது. இங்கிலாந்திலோ 2020இல் வேறு வழி பிடித்தார்கள்: ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சியில் தலையால் முட்டவே வேண்டாம் என்றார்கள்.

போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாள். மறுநாள் பயிற்சியாளரைப் பார்த்து, பயிற்சியில் இவனை முட்டச் சொல்லாதீர்கள் என்றேன். முதலில் சிரித்தார். அண்ணனைப் பற்றிச் சொன்னபிறகு சிரிக்கவில்லை.

பேரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. 'கெம்போங்' மீன் குழம்பை மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.