ஒரு நூற் பிசகு

பிறர் துண்டு துண்டாய் இணைத்துத் தரும் ஒட்டுப்போர்வைகளுக்கு அடிச்சீலை வைத்து மெசினில் தைத்துக் கொடுப்பது கொக்கட்டிச்சோலையில் எமது தொழில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், பாதைக்குக் காத்திராமல் எழுவான்கரையாரும் மூட்டையோடு வருகின்றனர்.

மூட்டையை அவிழ்த்ததும் மேற்சீலையைத் தரையில் விரித்து, நடுவிலும் இரு ஓரங்களிலும் அளப்போம். நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று. தையலுக்கு ஒரு நூல் பிசகினால் 16 தையல்களில் 2 அங்குலம் அன்றோ! அம்மிகுதியை மெசின் விழுங்காது; முன்னே தள்ளிச் சென்று ஓரத்தில் மடிப்பாக்கிவிடும்.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார், காலஞ்சென்ற தம் தாயாரின் சீலைகளை வெட்டி இணைத்துக் கொணர்ந்தார். ஓரமெல்லாம் அலையலையாய் எழும்பி நின்றது. பிரித்துத் தையுங்கள் என்று சொல்லிவிடலாம். நைந்த சீலையோ ஊசித் துளை வழியே கிழிந்துபோகும். மறைத்துத் தைத்துக் கூலி பெறுவதும் முறையன்று. ஆகவே உள்ளதைச் சொன்னோம்.

“அம்மாட சீலையைப் பிரிக்க வேணாம் தம்பி, சுருக்கம் இருந்தா இருக்கட்டும்” என்றார்.

நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மிகுதித் துணியை விரலாற் சிறிது சிறிதாய்ப் பகிர்ந்து, நெருக்கமாய்த் தைத்தோம். இரண்டு நாள் வேலை நான்கு நாளாயிற்று. எனினும் ஒரு மூலையில் மடிப்பு நின்றுவிட்டது. அம்மையார் வந்தபோது அந்த மூலையைத்தான் முதலில் விரித்துக் காட்டினோம்.