இறகில் பிறந்த எழுதுகோல்

நாள்தோறும் நாம் கையாளும் ‘பேனா’ என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அதன் வேர் இலத்தீன் மொழியின் ‘பென்னா’, பொருள், இறகு. குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாளில் இதனை அறிந்து வியந்தோம். தனித்தமிழ் விரும்புவோர் பேனாவைத் ‘தூவல்’ என்பர். அதற்கும் இறகு என்பதே பொருள்.

இப்பொருளைக் கண்ணாற் காட்ட விரும்பி, சென்ற கோடை விடுமுறையில் மறைக்கல்விச் சிறாருடன் இறகுப் பேனா செய்ய முற்பட்டோம். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மந்தைகள் மேய்வது விழுப்புரம் பகுதியினர்க்குப் புதிதன்று. ஆயினும் வாத்தின் இறகுத் தண்டு சிறியது. ஐரோப்பியர் பெரிதும் விரும்பியது பெருவாத்தின் இறகை. நமக்குக் கிடைத்ததோ, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென ஒரு பங்குக் குடும்பத்தார் வளர்த்த வான்கோழியின் இறகு. சிறகின் வெளியோரத்தில் உள்ள நீண்ட இறகுகளே இதற்கு ஏற்றவை. இடச்சிறகின் இறகு வலக்கைக்கு வாகாக வளைந்திருக்கும்.

தண்டின் அடியை ஓரிரவு நீரில் ஊறவைத்தோம். திண்டிவனத்தில் வேர்க்கடலை வறுப்பவர் செய்வதுபோல் சட்டியில் மணலைச் சூடாக்கி, இறக்கி, ஊறிய தண்டை அதில் செருகினோம். மென்மையாயிருந்த தண்டு நகம்போல் இறுகித் தெளிந்தது. சூடு மிகுந்தால் தண்டு சுருங்கிக் கருகும். குறைந்தால் முனை நில்லாது. பின்னர் பேனாக்கத்தி எடுத்தோம். இத்தொழிலுக்கெனவே பிறந்து பெயர் பெற்ற கத்தியன்றோ அது! முதலில் சாய்வாக ஒரு வெட்டு, நடுவே நுண்ணிய பிளவு, இருபுறமும் தோள்போல் செதுக்கல், இறுதியில் முனையில் நேர்வெட்டு. பிளவு இல்லையேல் மை சீராக இறங்காது.

636-ஆம் ஆண்டு இறந்த செவில் நகரப் பேராயர் புனித இசிதோர் இப்பிளவில் மறைபொருள் கண்டார். ஒரே தண்டின் முனை இரண்டாய்ப் பிரிந்திருப்பது பழைய, புதிய ஏற்பாடுகளைக் குறிக்கும் என்றார்.

நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் எழுதினர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விடுத்தனர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோல் தோன்றின. இக்குறையைக் களைய முற்பட்டவர், இறகால் எழுதிப் பழகிய நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747).

எழுத்துத் தெளிவு அறிஞர்க்கு மட்டும் உரிய கவலையன்று. சில ஆண்டுகட்கு முன், முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று தேடி ஒரு மூதாட்டி நம்மிடம் வந்தார். பிறப்புப் பதிவும் இல்லை, பள்ளிச் சான்றும் இல்லை. “சாமி, என் பேரு இருக்குதுங்களா?” என்று கைகூப்பி நின்றார். திருமுழுக்குப் பதிவேட்டில் 1944-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அப்பெயர் இருந்தது. மையில் தோய்த்த எஃகு முனைப் பேனாவால் ஒரு குருவானவர் நிறுத்தி எழுதிய வரி அது. அம்முனையும் இறகைப் பார்த்துச் செய்ததே. மை பழுப்பேறியும் எழுத்து மங்கவில்லை. படிக்கத் தெரியாத அம்மூதாட்டி அவ்வரியை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த பக்கத்திலோ, வேறொருவர் விரைவில் கிறுக்கிய சில வரிகளை எவராலும் படிக்க இயலவில்லை. அவற்றில் அடங்கிய குழந்தைகள் யாவர்? அவர்களுள் ஒருவர் சான்று கேட்டு வந்தால் என்ன சொல்வோம்?

இறகுப் பேனாவைப் பிடித்த சிறாரும் முதலில் விரைந்தே எழுதினர், மை சிதறியது. சில எழுத்துக்கு ஒருமுறை தோய்க்க வேண்டியிருந்தமையால் கை தானே நிதானமடைந்தது. அன்று அவரவர் எழுதியது தம் தாய் தந்தையரின் பெயரை. அத்தாள்களை இல்லத்திற்கே கொடுத்தனுப்பினோம்.

நம் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பது குறித்து மகிழுமாறு ஆண்டவர் சீடரிடம் கூறினார். மண்ணக ஏட்டை எழுதும் பொறுப்பு நம்முடையது. குடும்ப விவிலியத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு நாள்களை இல்லத்தார் அனைவருக்கும் எழுதி வையுங்கள். எந்தப் பேனாவாயினும் ஆகுக. பேரப்பிள்ளைகள் படிக்கும்படி நிறுத்தி எழுதுங்கள்.