வராதவர்களின் தொகுதி

சிக்பேட்டையில் பூமிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஏறினால் அடுத்த நிலையம் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். அதைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறி, நேஷனல் கல்லூரி அருகே வெளிச்சத்துக்கு வருகிறது. பிறகு லால்பாக், சவுத் எண்ட் சர்க்கிள், ஜயநகர். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான். அதற்குள் பெங்களூரின் மூன்று காலங்களைப் பார்த்துவிடலாம். பட்டுக் கடைகள் நெருக்கியடிக்கும் பழைய பேட்டை. 1898ல் பிளேக் தாக்கிய பிறகு, காற்றோட்டமான அகலத் தெருக்களோடு உருவான பசவனகுடி. 1948ல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஜயநகர். ஆர்.வி. ரோடு நிலையத்தில் இறங்கி, 2025ல் திறக்கப்பட்ட மஞ்சள் வழிக்கு மாறினால் நான்காவது காலமும் வந்துவிடும்: பி.டி.எம். லேஅவுட், பொம்மனஹள்ளி, கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களின் வாடகை வீடுகள்.

இவை எல்லாம் சேர்ந்ததுதான் பெங்களூர் தெற்கு மக்களவைத் தொகுதி. (2025ல் ராமநகர மாவட்டத்துக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். நாம் பேசுவது அதை அல்ல.) எட்டு சட்டமன்றத் தொகுதிகள். 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். டெல்லிக்குப் போவது ஒரே ஒருவர்.

ஊர் ஒரு பக்கம் போனால் இது மறுபக்கம் போகும் என்று பெயரெடுத்த தொகுதி. நெருக்கடி நிலைக்குப் பின் நடந்த 1977 தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் துடைத்தெறிந்தது. கர்நாடகம் அசையவில்லை. 28 இடங்களில் 26 காங்கிரசுக்கு. கை நழுவிய இரண்டில் ஒன்று பெங்களூர் தெற்கு. தோற்றவர் லேசுப்பட்டவர் அல்ல: விதான சவுதாவை எழுப்பிய முன்னாள் முதல்வர் கெங்கல் ஹனுமந்தையா. வென்றவர் ஜனதா கட்சியின் கே.எஸ். ஹெக்டே. 1973ல் சீனியாரிட்டியில் தனக்குப் பின்னால் இருந்தவரைத் தலைமை நீதிபதி ஆக்கியபோது உச்ச நீதிமன்றப் பதவியை உதறிவிட்டு வந்தவர். ஜெயித்த அதே ஆண்டில் மக்களவை சபாநாயகரானார்.

1980ல் இன்னும் வேடிக்கை. இந்திரா காந்தியின் காங்கிரஸ் கர்நாடகத்தில் 28க்கு 27 பிடித்தது. மிச்சமிருந்த ஒன்று பெங்களூர் தெற்கு, ஜனதாவின் டி.ஆர். சாமண்ணா ஜெயித்தார். இந்திரா படுகொலையின் அனுதாப அலை வீசிய 1984லும் ஜனதாவின் வி.எஸ். கிருஷ்ண ஐயரையே தொகுதி அனுப்பியது. 1989ல் முன்னாள் முதல்வர் ஆர். குண்டு ராவ் காங்கிரசுக்காக இதை மீட்டார். 1977க்குப் பிறகு காங்கிரஸ் இங்கு கண்ட ஒரே வெற்றி அதுதான்.

1991ல் பொருளாதாரப் பேராசிரியர் கே. வெங்கடகிரி கவுடா மூலம் பாரதிய ஜனதா உள்ளே நுழைந்தது. 1996ல் குண்டு ராவின் மனைவி வரலட்சுமியைத் தோற்கடித்து அனந்த குமார் வந்தார். பிறகு நகரவே இல்லை. தொடர்ந்து ஆறு வெற்றிகள். 2014ல் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரும் ஆதார் அட்டையின் சிற்பியுமான நந்தன் நிலேகனியே 2,28,575 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். 2018ல் அனந்த குமார் காலமானார். அடுத்த ஆண்டு தேர்தலில் அவர் மனைவி தேஜஸ்வினிக்குத்தான் டிக்கெட் என்று ஊரே பேசியது. கிடைத்தது 28 வயது தேஜஸ்வி சூர்யாவுக்கு. வித்தியாசம் 3,31,192 ஆக உயர்ந்தது.

இடையில் ஒரே ஒரு முறை கோட்டை ஆட்டம் கண்டது. 2009ல் காங்கிரசின் கிருஷ்ண பைரே கவுடா 4,00,341 ஓட்டு வாங்கினார். அனந்த குமார் வாங்கியது 4,37,953. நாலு லட்சம் பேர் போட்ட ஓட்டுக்குக் கிடைத்த இடம் பூஜ்யம். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையின் இயல்பு இது. ஜப்பானும் 1994ல் சட்டத்தை மாற்றி, 1996 தேர்தலிலிருந்து இந்த முறைக்கு வந்தது. அதுவரை அங்கே பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். ஆனால் தோற்றவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். கட்சிப் பட்டியலிலும் தன் பெயர் இருந்தால், வென்றவரின் ஓட்டில் எத்தனை சதவீதம் வாங்கினார் என்று பார்த்து, நெருங்கி வந்தவரைச் சபைக்குள் விடலாம். கவுடா வாங்கியது 91 சதவீதம். டோக்கியோவாக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

முறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2024 ஏப்ரல் 26 கணக்கைப் பாருங்கள். தேஜஸ்வி சூர்யா 7,50,830 ஓட்டு. காங்கிரசின் சவும்யா ரெட்டி 4,73,747. ஓட்டுப் பதிவு 53 சதவீதம். அதாவது வராதவர்கள் சுமார் 11 லட்சம். வென்றவருக்கு விழுந்ததைவிட இது அதிகம். தொகுதியின் மிகப் பெரிய கட்சி வீட்டிலேயே இருந்துவிட்டது. அதே நாளில், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரும்பு நாடான மண்டியாவில் 81 சதவீதம் பேர் வரிசையில் நின்றார்கள்.

காரணங்கள் இல்லாமல் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள் விடுமுறை. வாடகைக்கு வந்தவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். வீடு மாறிப் போனவர்களின் பெயர் பழைய பட்டியலில் தங்கிவிடுகிறது. ஆனால் சொந்த வீட்டில் இருந்துகொண்டே, 'முடிவுதான் தெரிந்ததாயிற்றே' என்று சும்மா இருப்பவர்களும் உண்டு. ஆளுங்கட்சி ஆதரவாளர், எதிர்க்கட்சி ஆதரவாளர் இருவருக்கும் இது பொருந்தும். எப்படியும் ஜெயிப்போம் என்கிறார் ஒருவர். எப்படியும் தோற்போம் என்கிறார் மற்றவர்.

முடிவு தெரிந்ததா? இதே எட்டு தொகுதிகள் 2023 சட்டமன்றத் தேர்தலில் ஐந்தை பாஜகவுக்கும் மூன்றைக் காங்கிரசுக்கும் பிரித்துக் கொடுத்தன. அதில் ஜயநகரில் நின்றவர் இதே சவும்யா ரெட்டி. 57,781 ஓட்டு வாங்கினார். பாஜகவின் சி.கே. ராமமூர்த்தி 57,797. மறு எண்ணிக்கை வரை போய் முடிவான வித்தியாசம் 16.

ஜயநகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு மாடியில் அத்தனை பேர் இருப்பார்கள்.