நாய் இழுக்குது... பூட்ஸ் வழுக்குது!

இங்கிலாந்துல ஜனங்க வசிக்கிற இடங்கள்லயே அதிக மழை கொட்டுற ஊர் எது தெரியுமா? லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கும் சீத்வெயிட். ஊர்னா, பண்ணையும் சில வீடுகளும். அவ்ளோதான்! வருஷத்துக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. லண்டனுக்கே சுமார் 600தான்.

மழைன்னு சொன்னா நாய் கேட்குமா? தினமும் வாக்கிங் போயே ஆகணும். அதுக்குத்தான் முழங்கால் கிட்ட வர்ற ரப்பர் பூட்ஸ், செல்லமா 'வெல்லீஸ்'. பேர் வந்தது வெலிங்டன் பிரபுவால. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்த படையில் இருந்த அதே ஆசாமி! அவர் போட்டது தோல் பூட்ஸ். ரப்பர் வந்தது 1850-களில்.

அங்கே படிக்கப் போற பார்ட்டியா நீங்க? தங்கற வீட்டுல நாய் இருக்கா? அப்போ கவனிங்க. வெறும் ரப்பர் தண்ணியைத்தான் தடுக்கும், குளிரை இல்லை. உள்ளே நியோப்ரீன் வெச்சதா பாருங்க. கடைக்கே தடிமனான கம்பளி சாக்ஸோட போங்க. விரல் அசையணும். டைட்டா இருந்தா கால் இன்னும் ஜில்லிடும். நடக்கும்போது குதிகால் மேலே எழும்புதா? கொப்புளம் கன்ஃபார்ம்!

முக்கியமா, அடிப்பாகத்துல ஆழமான பள்ளங்கள் வேணும். ஈரப் பாறையில நிக்கறப்போ நாய் ஒரு செம்மறியைப் பார்த்துட்டா..? மக்கள் உலாவ அனுமதிச்ச திறந்த மலைவெளியில, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயித்துல பிடிச்சிருக்கணும்னு சட்டம். ஸோ, அது பாய்ஞ்சா நீங்களும் பாய்வீங்க, பாஸ்!

திரும்பி வந்ததும் பூட்ஸுக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சு வைங்க. ஹீட்டர் பக்கத்துல மட்டும் வேண்டாம், ரப்பர் வெடிச்சிடும்.