கண்ணாடி மனிதன்

சில ஆண்டுகளுக்கு முன், கோடைக்காலத்தில் பங்குப்பணிக்கு உதவியாக ஜெர்மனி சென்றிருந்தேன். ஓய்வுநாள் ஒன்றில் அந்நாட்டுக் குருவானவர் ஒருவர் என்னை டிரெஸ்டன் நகரின் நலவாழ்வு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். பழம்பொருள்களை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு அங்கே காணக் கிடைத்தது மனித உடல்.

'ஓடோல்' என்ற வாய்கொப்பளிக்கும் மருந்தால் செல்வம் சேர்த்த கார்ல் ஆகஸ்ட் லிங்னர், 1911-இல் அந்நகரில் அனைத்துலக நலவாழ்வுக் கண்காட்சி நடைபெற வழிசெய்தார். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து கண்டனர். அதன் பயனாகப் பிறந்ததே இந்த அருங்காட்சியகம். 1930-இல் அதற்குப் புதிய கட்டடம் எழுந்தபோது அங்கே 'கண்ணாடி மனிதன்' நிறுத்தப்பட்டான். ஒளி ஊடுருவும் தோலுக்குள் எலும்பும் நரம்பும் தெரிந்தன. உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. மருத்துவ நூலைத் தொட்டறியாத தொழிலாளியும் தன் இதயத்தையும் ஈரலையும் அங்கே அறிந்துகொண்டான்.

அத்தகைய உருவம் ஒன்றின் முன் நான் நெடுநேரம் நின்றேன். திருப்பலியில் குரு கைகளை உயர்த்துவதுபோல் அதுவும் கைகளை உயர்த்தி நின்றது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், புகையிலையை விடுங்கள் என்று மறையுரைகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காதால் கேட்டதை மறந்துவிடுகிறவர்கள் கண்ணால் கண்டதை மறப்பதில்லை என்று அன்று எண்ணினேன்.

ஆனால் உடன் வந்தவர் மேலும் சொன்னார். 1933-க்குப் பின் இதே நிறுவனம் நாஜி அரசின் 'இனநல'க் கொள்கையைப் பரப்பும் கருவியாயிற்று. உடலை நேசிக்கக் கற்பித்த அதே திறமை, ஊனமுற்றோரையும் மனநோயாளரையும் நாட்டின் சுமையாகக் காட்டவும் பயன்பட்டது. ஒரு நோயாளியைப் பேண ஆகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் சுவரொட்டிகள் அந்நாளில் ஜெர்மனியில் பரவின. டிரெஸ்டனுக்கு அருகே பிர்னா நகரின் சோனன்ஸ்டைனில், 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் கலென் தம் மறையுரையில் இக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார்.

என் தங்கை மூளை வளர்ச்சி குன்றியவளாகப் பிறந்தாள். இருபத்து மூன்று வயதுவரை அம்மாவின் கையால் உண்டு வாழ்ந்தாள். அம்மா ஒருநாளும் அதற்குக் கணக்குப் பார்த்ததில்லை.

அந்த அருங்காட்சியகம் தன் பழியை மறைக்கவில்லை. வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தின் கண்காட்சியை 2006-இல் வரவழைத்து, அந்தக் கொடிய மருத்துவத்தின் வரலாற்றைத் தன் கூடத்திலேயே மக்கள் காண வைத்தது.

ஊர் திரும்பியபின் எங்கள் பங்கில் மருத்துவ மாணவர்களைக் கொண்டு ஒரு நலவாழ்வுக் கண்காட்சி நடத்தினோம். நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு மிகுதி என்று விளக்கும் படம் ஒன்று இருந்தது. செய்தி சரியானதே. ஆனால், அதன் கீழ் ஒரு குழந்தையின் படமும், "இப்படியொரு பிள்ளை உங்களுக்கு வேண்டுமா?" என்ற வரியும் இருந்தன. செய்தி இருக்கட்டும், அந்தப் படத்தையும் வரியையும் எடுத்துவிடுங்கள் என்றேன். மாணவர் தயங்கினார்; "பயமுறுத்தினால்தானே ஃபாதர் கேட்பார்கள்?" என்றார்.

வாசலில் வரிசையில் நின்றவர்களை அவருக்குக் காட்டினேன். அப்படியொரு பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி தாயொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் படத்தைக் கழற்றினார்.