மேல்காற்றைக் கேட்டுப் போகிற வழி

குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் கயத்தாற்றில் புழுதி பறக்கும். இரண்டும் ஒரே காற்றின் வேலை. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் மேல்காற்று, ஈரத்தையெல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு சுரண்டை, தேவர்குளம் தாண்டிக் கிழக்கே ஓடுகிறது. குற்றாலத்துக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் கயத்தாறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானதளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடக்கிறது. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்கள்தான் அதிகம். ஓடுதளத்தைக் கேட்டு வருகிறவர்கள் அரிது.

நான் அப்படித் திரிகிற ஆள். தென்காசிக்காரன் என்பதாலோ என்னவோ, எந்தத் தளத்தைத் தேடினாலும் காற்றிலிருந்துதான் தொடங்குவேன். விமானம் எதிர்காற்றில் ஏறும், எதிர்காற்றில் இறங்கும். அந்தக் காலத்துப் போர் விமானங்களில் பலவற்றுக்குச் சின்னச் சக்கரம் வாலில் இருந்தது. பக்கக்காற்று பலமாக அடித்தால் இறங்கும்போது தடம் புரட்டிவிடும். இங்கிலாந்தில் காற்றின் திசையை நம்ப முடியாது. ஆகவே போர்க்காலத்தில் அங்கே கட்டிய பெரிய தளங்களில் மூன்று ஓடுதளங்கள் முக்கோணமாக வெட்டிக்கொள்ளும்: பெரியது 2,000 கஜம், மற்ற இரண்டும் 1,400 கஜம், அகலம் 50 கஜம். நம் பக்கத்துக் காற்று அப்படியில்லை. ஆனி, ஆடியில் மேற்கும் தென்மேற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. கிட்டத்தட்ட எதிரெதிர்த் திசைகள். ஓடுதளத்துக்கு இரண்டு முனை உண்டே, பருவத்துக்கு ஒரு முனை! இந்தச் சீமையில் ஒரே நீளக்கோட்டை வைத்துக்கொண்டே ஆண்டு முழுக்கச் சமாளித்திருக்க முடியும் என்பது என் கணிப்பு. ஆகவே வரைபடத்தில் முக்கோணத்தைத் தேடி நான் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில்லை.

விமானதளங்களுக்குத் தெற்கே அப்படி என்ன அவசரம்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை என்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சென்னையில் ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். கயத்தாற்றிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 320 கிலோமீட்டர்தான். பிறகு போர் பர்மாப் பக்கம் நகர்ந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. கட்டிய வேகத்திலேயே பல தளங்களுக்கு வேலை தீர்ந்துபோயிற்று.

தேடுகிறவருக்கு முதல் உதவி, அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட 1:2,50,000 வரைபடங்கள். டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அடுத்தது செயற்கைக்கோள் படம். அதிலும் கோடைப் படமாகப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் எல்லாம் ஒரே பச்சை. கோடையில் புல் காய்ந்ததும், வயல் வரப்போ வண்டிப்பாதையோ போக முடியாத அளவு நேரான ஒரு பட்டை தெரியும்.

தரையில் இறங்கினால் வேறு கணக்கு. காங்கிரீட் பலகைகளுக்கு இடையே விரிவதற்காக விட்ட இடைவெளியில் மண் சேர்ந்து முள் முளைக்கும். சீமைக்கருவை வரிசை பிடித்து நின்றால் காலால் மண்ணைத் தள்ளிப் பார்ப்பேன். ஓடுதளத்தை விட்டு விலகி வட்டமாகக் கெட்டித்தரை அகப்பட்டால் அது விமானத்தை நிறுத்திய இடம். ஒரு குண்டில் எல்லாம் போய்விடக் கூடாதென்று தள்ளித்தள்ளி நிறுத்துவார்கள். சில தளங்களில் அதற்கு மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பியிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் குளத்துக்கரை என்று கடந்துவிடுவார்கள். குளத்துக்கரை சரிவைப் பார்த்து வளைந்து தண்ணீரை மறிக்கும். இந்த மேட்டுக்குச் சரிவைப் பற்றிக் கவலையே கிடையாது. அதன் வாய் ஓடுதளத்துக்குப் போகும் பாதையைப் பார்த்துத்தான் இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, ஆடு மேய்க்கிறவர்களிடம். "அண்ணாச்சி, எடம் பாக்க வந்தியளோ?" என்பதுதான் முதல் கேள்வி. கையில் வரைபடத்தோடு காட்டுக்குள் நிற்கிறவன் மனை புரோக்கராகத்தான் இருக்க முடியும்! பழைய ஏரோட்ராம் பார்க்க வந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் ஆடு வெயிலில் எந்தத் தரையில் கால் வைக்க மறுக்கும், மழைத்தண்ணீர் எங்கே உறிஞ்சாமல் நிற்கும் என்று அவர்கள் சொல்லும் இடங்களில், மண்ணுக்கடியில் கெட்டித்தரை இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாத் தளமும் பாழாகிவிடவில்லை. தஞ்சாவூர் இன்று இந்திய விமானப்படையின் நிலையம். 2020 ஜனவரியில் அங்கே சுகோய் படைப்பிரிவே வந்துவிட்டது. ஆங்கிலேயக் கடற்படை வைத்திருந்த சூலூரும் அப்படியே தப்பியது. சோழவரத்துக்குக் கிடைத்ததுதான் ரசமான மறுவாழ்வு. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை கார், மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குச் சோழவரம்தான். கயத்தாற்றுப் பக்கம் விமானத்துக்குப் பதில் காற்றாலை வந்தது. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் அங்கேதான் இருக்கிறது. காற்றை அளந்து பார்த்துத்தான் இடம் பிடித்திருப்பார்கள்.

போக நினைப்பவர்கள் மாசி, பங்குனியில் போகலாம். ஆடியில் போனால் வரைபடத்தைப் பிடித்து நிற்கவே முடியாது, கண்ணெல்லாம் மண். வேலி போட்ட இடம் யாருடையது என்று ஊருக்குள் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு நுழையுங்கள். தண்ணீர் நிறைய வேண்டும். முக்கியமாக, வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கருவை முள்ளுக்கு டயர் எம்மாத்திரம். பஞ்சர் பார்க்க மெயின் ரோடு வரைக்கும் தள்ள வேண்டியிருக்கும்.