தவறை ஒப்புக்கொண்ட நர்ஸ்

நர்ஸ் என்றதும் பலருக்கும் ஊசிதான் ஞாபகத்துக்கு வரும். டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், நர்ஸ் போடுகிறார், இதில் என்ன பெரிய பொறுப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் நோயாளியின் உடம்புக்குள் மருந்து போவதற்கு முன்னால் கடைசியாக அதைக் கையில் வைத்திருப்பவர் நர்ஸ்தான். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்... இந்த ஐந்தையும் சரிபார்ப்பது நர்ஸிங் படிப்பின் பாலபாடம்.

அந்தப் பாடம் ஒருநாள் தவறிப்போனால்? அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் அப்படி ஒன்று நடந்தது.

2017 டிசம்பர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் மூளை ரத்தக்கசிவுக்காகச் சேர்க்கப்பட்ட 75 வயதுப் பெண்மணி தேறிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்தைக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதை எடுக்கப் போனவர் ரடாண்டா வாட் என்ற நர்ஸ்.

அங்கே மருந்துகள் கம்ப்யூட்டர் பொருத்திய அலமாரியில் இருக்கும். பெயரைத் தட்டினால் அந்த மருந்து இருக்கும் அறை மட்டும் திறக்கும். அலமாரியில் வெர்செட், மிடாசோலம் என்ற அதன் பொதுப்பெயரில் இருந்தது. அதனால் வாட் தேடியபோது கிடைக்கவில்லை. அவசரத்துக்கென்று இருக்கும் 'ஓவர்ரைடு' வசதியைப் பயன்படுத்தி, பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். வந்தது வெகுரோனியம்! தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்திவிடும் மருந்து அது.

வெர்செட் திரவம், வெகுரோனியமோ கரைத்துப் போட வேண்டிய பொடி. முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை மூடியிலேயே இருந்தது. ஆனாலும் அவர் சுதாரித்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டபின் பக்கத்தில் நின்று கவனிக்கவும் இல்லை. மறுநாள் அந்தப் பெண்மணி இறந்தார்.

இதில் வாட் மேல் தவறே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவரே சொல்லவில்லை. மருந்து மாறியது தெரிந்ததும் அன்றே டாக்டர்களிடம் ஒப்புக்கொண்டார்.

மருத்துவமனை என்ன செய்தது? அவரை வேலையிலிருந்து நீக்கியது. குடும்பத்தோடு கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. மரணத்தைப் பதிவு செய்யும் அதிகாரியிடம் மருந்து மாறியதைச் சொல்லாததால் இயற்கை மரணம் என்றே பதிவானது. 2018-ல் யாரோ பெயர் சொல்லாமல் கொடுத்த தகவலுக்குப் பிறகுதான் மத்திய அரசின் ஆய்வாளர்கள் வந்தார்கள், விஷயம் வெளியே வந்தது.

2019-ல் வாட் கைதானார். 2021-ல் நர்ஸ் உரிமம் பறிபோனது. 2022 மார்ச்சில், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. சிறை இல்லை. மருத்துவமனை மீது கிரிமினல் வழக்கும் இல்லை.

அமெரிக்க நர்ஸ்கள் கொதித்துப்போனது இங்கேதான். வாட் தண்டிக்கப்படவே கூடாது என்பதல்ல அவர்கள் வாதம். உரிமம் போயிற்று, வேலை போயிற்று, அதற்கும் மேலே ஜெயில் என்று மிரட்டினால் அடுத்த முறை தவறு செய்யும் நர்ஸ் வாயைத் திறப்பாரா என்பதுதான் கேள்வி. மருந்து மாறிய விஷயம் உடனே தெரிந்தால்தான் மாற்று சிகிச்சை கொடுக்க முடியும். அலமாரியில் இருக்கும் கோளாறும் அப்போதுதான் சரியாகும்.

ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். கல்லாவில் பணம் குறைகிறது என்று தானே வந்து சொன்ன காசாளரை மட்டும் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அதை மறைத்துக் கணக்கு எழுதிய முதலாளியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மறுநாளிலிருந்து எல்லாக் கணக்கும் சரியாகவே இருக்கும்... நோட்டில் மட்டும்!

மருத்துவத் தவறுகளில் பெரும்பாலானவை தனிமனித அலட்சியத்தால் வருவதில்லை, அமைப்பின் ஓட்டைகளால் வருகின்றன என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1999-லேயே அறிக்கை வெளியிட்டது. அதற்காக இறந்துபோன பெண்மணியின் குடும்பத்திடம் போய் 'அமைப்பின் கோளாறு' என்று சொல்லிவிட்டுத் திரும்ப முடியுமா? முடியாது. ஐந்து சரிபார்ப்புகளைத் தவறவிட்டவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதிலைத் தானாக முன்வந்து சொன்னவர் கூண்டில் நிற்க, சொல்லாமல் மறைத்தவர்கள் வெளியே நிற்பதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் அந்த ஜூரியில் இருந்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள்?